ஏழு ஊர் மொழிக்கு ஒரு நோட்டு

நீலகிரிக்கு மாறுதல் ஆணை கைக்கு வந்தபோது அங்குள்ள பழங்குடிகளில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று: தோடர். அதுவும் பாடப்புத்தகத்தில் பார்த்த அரைவட்டக் குடிசைப் படத்தோடு சேர்த்து. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கிய பிறகும், அந்த ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு மக்கள் உட்கார்ந்திருப்பது உறைக்கவில்லை. கோத்தர் கேரிதான் கோத்தகிரி ஆனது என்பார்கள். கேரி என்றால் தெரு. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதை வைத்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சண்டையே நடந்தது.

கோத்தருக்கு ஏழே ஊர். நம் ரெக்கார்டுகளில் குந்தா கோத்தகிரி, கொல்லிமலை, திருச்சிக்கடி, சோலூர் கோக்கால், புதுக் கோத்தகிரி, கீழ்க் கோத்தகிரி, கூடலூர் கோக்கால். அவர்கள் வாயில் அதே ஊர்கள் மேனார், கொல்மேல், திச்கார், குர்கோஜ், போர்கார், கீனார், கலாச். (கொல்லிமலை என்றதும் நாமக்கல்லுக்குப் போய்விடாதீர்கள், இது வேறு.) தங்களை அவர்கள் கோவ் என்கிறார்கள், பேச்சை கோவ் மாந்த் என்கிறார்கள். ஏழு ஊரையும் சேர்த்தாலும் ஓரிரண்டு ஆயிரம் பேர்தான். 1971க்குப் பிறகு, பத்தாயிரம் பேருக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனிப் பெயரில் வெளியிடுவதில்லை. அதனால் மொழிப் பட்டியலில் இவர்களைத் தேடினால் ‘மற்றவை’ என்ற வரியோடு திரும்ப வேண்டியதுதான். யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிறது. அங்கே தோட மொழியும் கோத்த மொழியும் ஆக மோசமான கட்டத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்த முத்திரையைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். சாகக் கிடக்கும் ஒரு மொழியைப் பார்க்கப் போகிறோம் என்று முகத்தைக் கொஞ்சம் சோகமாகவும் வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். இடைவேளை மணி அடித்தது. இரண்டு பையன்கள் ஒரு பந்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாத மொழியில் ஒருவரை ஒருவர் கிழித்தார்கள். அத்தனை தெம்பான வசவைப் பேருந்து நிலையத்தில்கூட நான் கேட்டதில்லை.

எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று சொல்லப்போவதில்லை. இதுவே நான் கற்ற பாடங்களில் ஒன்று, இங்கேயே சொல்லிவிடுகிறேன். லட்சம் பேர் பேசும் மொழியில் ‘ஒரு பாட்டி’ என்றால் அது யாரும் இல்லை. ஏழு ஊர் மொழியில் ‘பானை செய்யும் பாட்டி’ என்று எழுதினால் அடுத்த நாள் காலையில் ஏழு ஊருக்கும் ஆள் தெரிந்துவிடும். பெயரை மறைப்பது மட்டும் போதாது, தொழில், தெரு, உறவு எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கீழே வருகிறவர்களை அப்படிக் கலைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

கோத்தச் சொற்களைக் குறித்துவைத்த என் நோட்டு தொடங்கியது ஓர் அவமானத்தில். எட்டாம் வகுப்பில் விலங்குகளின் இளமைப் பெயர் நடத்திக்கொண்டிருந்தேன், கன்று, குட்டி, பறழ் என்று. “உங்க வீட்டுல எருமைக்கு என்ன பேர்?” என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். “எருமைதான் டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. சாயங்காலம் அவளே ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, “இம்” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். இம் என்றால் எருமை. தோழிகளுக்கு முன்னால் தன் வீட்டுச் சொல்லைச் சொல்லிக்காட்டும் பொருளாக்க அவளுக்கு விருப்பமில்லை. கேட்ட இடம் தவறு, கேட்ட விதமும் தவறு என்று எனக்கு அன்று தோன்றவில்லை. ‘அட, ஒரு சொல் கிடைத்துவிட்டது’ என்றுதான் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, படித்தவர்கள் எல்லாரும் செய்யும் காரியத்தைச் செய்தேன். இருநூறு அடிப்படைச் சொற்களின் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். தண்ணீர்? நீர். கண்? கண். கை? கய். கோயில்? கோயில்தான். இரண்டு மணி நேரத்தில் பட்டியல் முடிந்தது, எனக்கோ வெற்றிக் களிப்பு. ஒரு வருஷம் கழித்து அதே தாளை எடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு எனக்காகத் தமிழாக்கித் தந்த சொற்கள் என்று தெரிந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. விருந்தாளிக்குப் புரிகிற மாதிரிப் பேசுவதுதானே மரியாதை. தமிழில் கேட்டேன், தமிழுக்கு மிக அருகில் இருந்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

இதில் கோயில் என்ற பதில்தான் என்னை இன்றும் வெட்கப்பட வைக்கிறது. பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், பழைய அரிவாளுக்குப் பிடி மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையில் நோட்டு இல்லை. உள்ளே யாரிடமோ அவர் ஏதோ கத்தினார், அதில் ‘கொலேல்’ என்று ஒரு சொல் வந்தது. என்னவென்று கேட்டேன். “பட்டறை” என்றார். கொஞ்சம் யோசித்து, “கோயிலும்தான்” என்றார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. கொல்லன், கொல்லம்பட்டறை என்று நாம் சொல்லும் அதே ‘கொல்’. இரும்பு வேலை நடக்கும் வீட்டுக்கும் தெய்வம் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பெயர். கோத்தர்கள் யார் என்று தெரிந்தால் இது ஏன் என்று சட்டென்று பிடிபடும். மலையில் கொல்லர், தச்சர், குயவர், வாத்தியக்காரர் நான்கும் அவர்களே. தோடருக்குக் கத்தி, படகருக்கு மண்வெட்டி, எல்லாருக்கும் பானை, சாவு வீட்டுக்கு இசை. பதிலுக்குத் தோடரிடமிருந்து நெய், படகரிடமிருந்து தானியம். கடைச் சாமான் மலை ஏறி வந்த பிறகு, 1930களில் படகர்கள் தங்கள் சாவுகளுக்குக் கோத்தர் இசையை வேண்டாம் என்று விடத் தொடங்கிய பிறகு அந்தக் கொடுக்கல் வாங்கல் மெல்ல நின்றுபோனது. ஆனால் சொல் இன்னும் பட்டறையையும் கோயிலையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியில் இந்த ஒரு வரி இருக்கிறது, கோத்தச் சொல், பட்டறை, கோத்தர் ஊர்க் கோயில் என்று. எனக்கு அது அகராதியில் கிடைக்கவில்லை. பிடி மாற்றிக்கொண்டிருந்தவர் தற்செயலாகக் கத்தியதில் கிடைத்தது.

அன்றிலிருந்து ‘இதற்கு என்ன சொல்வீர்கள்’ என்ற கேள்வியை மூட்டை கட்டிவிட்டேன். யாராவது ஒரு மொழியைக் குறித்துவைக்கப் புறப்பட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள், முடிந்தால் கீரை ஆயுங்கள். இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். கேட்டே ஆக வேண்டுமானால், கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு “இதை என்ன செய்யப்போறீங்க?” என்று கேளுங்கள். பெயர்ச்சொல் கேட்டால் பெயர்ச்சொல் மட்டும் வரும், அதிலும் பாதி கடைச்சொல். செய்வதைக் கேட்டால் வினையோடு வீடே வரும்.

இனி அந்த ஸ்டாஃப் ரூம் சண்டை.

கோத்தர் ஊரில் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும், ஒவ்வொரு வரிசையும் ஒரு கேர். மேல், நடு, கீழ் என்று. ஒரே கேருக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மூத்த ஆசிரியர் ஒருவர், “சேரியைத்தான் கேர்ங்கறாங்க. நம்ம தமிழைத்தான் கொச்சையாப் பேசறாங்க, நாளடைவுல தேஞ்சு போச்சு” என்றார். நல்ல மனிதர், நன்றாகப் பாடம் நடத்துவார். இந்த நினைப்பு அவரிடம் மட்டும் இல்லை, மலையில் வேலை பார்க்கும் தமிழர்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. வந்த புதிதில் என்னிடமும் இருந்தது.

நான் போர்டில் எழுதிக் காட்டினேன். தமிழில் செவி, மலையாளத்தில் செவி, தெலுங்கிலும் செவி. கன்னடத்தில் கிவி, கோத்தத்தில் கெவ். தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி, கோத்தத்தில் கேர். எது பழசு? மொழியியலில் இதற்குச் சந்தேகமே இல்லை. மூலத்தில் இருந்தது ககரம். இகர எகரங்களுக்கு முன்னால் அதைச் சகரமாக மாற்றியவர்கள் நாம். கோத்தரும் தோடரும் கன்னடக்காரரும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். “அப்படின்னா தேஞ்சது யாருது சார்?” என்று கேட்டேன். கேட்ட தொனி கொஞ்சம் அதிகம்தான், இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம், “கிளிக்கு அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டு வந்தார். எனக்குத் தெரியவில்லை. நீங்களே ஒரு பையனைக் கேளுங்கள், ஆனால் வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள் என்றேன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோத்தம் ஏதோ புராதனப் பெட்டகம் என்று ஆகிவிடும். அவர்களும் நிறைய மாற்றியிருக்கிறார்கள். சொல்லின் கடைசி உயிரை இரக்கமில்லாமல் வெட்டுவார்கள். நம் புலி அங்கே புஜ். ‘புலி கிலி’ என்று நாம் சொல்வது ‘புஜ் கிஜ்’. இதைக் கேட்ட நாளில் பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். இரண்டாயிரம் வருஷம் பிரிந்து கிடந்தாலும் கிலியை மட்டும் இரண்டு வீடும் விடவில்லை. உயிரெழுத்து உதிர உதிர மெய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ‘அஞ்சு’ என்ற நம் அச்சச் சொல்லிலிருந்து பிறந்த ஒரு கோத்தச் சொல்லை மொழியியலாளர் எமனோ எடுத்துக் காட்டுகிறார். முதலில் ஓர் அகரம், அதன் பிறகு சொல் முடியும்வரை மெய்கள் மட்டுமே. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தாடை வலித்தது.

எமனோவைப் பற்றி. முரே எமனோ 1930களில் நீலகிரிக்கு வந்து இந்த மொழியில் கதை கதையாக எழுதிக்கொண்டார். அவருக்குச் சொன்னவர் கொல்மேலைச் சேர்ந்த சுல்லி. ஆங்கிலம் படித்தவர், ஆசிரியராக இருந்தவர், தன் மக்களின் சில பழக்கங்களை மாற்றப் போராடி நிறையப் பகை சம்பாதித்தவர். அந்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக கலிஃபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. ஆகவே ‘யாருமே எழுதிவைக்காத மொழி’ என்ற வீர உணர்ச்சியோடு கிளம்பாதீர்கள். முதலில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். மைசூருவில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறைவான மொழிகளுக்கென்றே 2013இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் உண்டு. நான் இதையெல்லாம் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்த ஒன்றரை வருஷமும் ஏற்கெனவே வெட்டிய கிணற்றைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சங்கடம். எமனோவின் கதைகள் ரோமன் எழுத்தில், புள்ளியும் கோடும் வைத்து அச்சானவை. அவற்றைக் கோத்தர் வீட்டுக்குக் கொண்டுபோனால் படிக்க ஆளில்லை. நான் ஒரு பக்கத்தை அச்செடுத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு வாக்கியத்துக்குச் சட்டென்று சிரித்து, எனக்குத் தெரியாத அடுத்த வாக்கியத்தை அவரே சொல்லி முடித்தார். தாளில் பார்த்தேன், ஏறக்குறைய அதுவேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். நான் விளவங்கோட்டுக்காரி. எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். ‘காற்று’, ‘ஆற்று’ என்பவற்றில் வரும் றகர இரட்டையை நுனிநாக்கைப் பல்லுக்கு மேலே ஈறில் ஒற்றிச் சொல்வோம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். சென்னையில் பி.எட். படித்தபோது விடுதியில் இதற்காக என்னை ஓட்டாத நாள் இல்லை. கோத்தத்தில் அந்த ஒலி உயிரோடு இருக்கிறது. பல்லில் ஒட்டும் தகரம், ஈறில் ஒற்றும் றகரம், மேலே மடிக்கும் டகரம் என்று மூன்றும் தனித்தனி, ஒன்றை மாற்றினால் சொல்லே மாறிவிடும். எருமைக்காரச் சிறுமி ஒருநாள், “உங்களுக்கு அது வருது டீச்சர், மத்த டீச்சருக்கெல்லாம் வரல” என்றாள். சென்னை விடுதியில் பட்டதற்கு வட்டியோடு வசூலானது போல இருந்தது. உங்கள் வட்டாரப் பேச்சில் வெட்கப்பட்டு மறைத்த ஒலி ஏதாவது இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வேலையில் அது காதுக்கு ஒரு கருவி.

பதிவு செய்வது பற்றிச் சில வரிகள். நல்ல ஸ்மார்ட்போன் போதும், ஆனால் காலர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். ஜூலை மாதம் தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்யாதீர்கள். நாற்பது நிமிடம் ஒருவர் பேசியதில் எனக்கு மிஞ்சியது நாற்பது நிமிட மழை. எம்.பி.3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக எடுங்கள், மெய்யொலிகளின் விளிம்பு சுருக்கத்தில் மழுங்கிவிடும். கோத்தம் மாதிரி மெய்கள் நெரிசலாக நிற்கும் மொழியில் இது பெரிய நஷ்டம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகும், குரல் மாறாது. மலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று நிச்சயம் அந்த ஊரிலேயே.

அனுமதி என்பது ஒரு வீட்டில் வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயம் இல்லை என்பதை மோசமாகத்தான் கற்றேன். எனக்கு வேண்டிய ஒருவர் எங்கிருந்தோ வந்த ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார். நாகஸ்வரம் போல ஊதும் கோத்தர் வாத்தியம், கூடவே பறை. எனக்கு அது வெறும் இசை. வாத்தியத்தின் பெயர் கேட்கலாமே என்று பெரியவர் வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் போட்டேன். பத்து விநாடி ஆகியிருக்காது. பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வீட்டு அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “நிறுத்துங்க டீச்சர். அது வீட்டுக்குள்ள வேண்டாம்” என்றார்.

சாவு மெட்டு. அவர்களிடம் மெட்டுக்கும் ஊதும் கருவிக்கும் கொள் என்றே பெயர். தெய்வத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என்று மெட்டுகள் தனித்தனி. தெய்வ காரியத்தையும் சாவுக் காரியத்தையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் வைத்திருப்பது அந்த வாழ்க்கையின் அச்சாணி. சாவிலேயே இரண்டு உண்டு. இறந்ததும் நடப்பது பச்தாவ், பச்சைச் சாவு. பிறகு காலம் விட்டு நடத்துவது வரல்தாவ், வறண்ட சாவு. பச்சையும் வறளும் நமக்கும் தெரிந்த சொற்கள்தான். தெரிந்த சொல் என்பதால் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். அதுதான் தப்பு. உறவு மொழியில் இந்தக் கண்ணி எப்போதும் உண்டு. சொல் புரிந்துவிடுவதால் எல்லாம் புரிந்ததாகத் தோன்றும்.

மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் திரும்பி வந்து, “தெரியாமத்தான செஞ்சீங்க” என்றார். ஆனால் மூன்று மாதம் அந்த வீட்டில் எனக்குத் தேநீர் மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அதன் பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள்: கோயில் எல்லைக்குள் போன் பையில். அவர்கள் தெய்வங்களான அய்யனோர் அம்மனோர் திருவிழாவில் நான் விருந்தாளி, பதிவாளர் இல்லை. யாரோ அனுப்பிய பதிவை, எப்போது எங்கே எடுத்தது என்று தெரியாமல், யார் வீட்டிலும் போடுவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி இருக்கும்போது, என்ன எடுக்கிறேன், எதை எடுக்க மாட்டேன், யாரிடம் தருவேன் என்று ஒருமுறை சொல்லி, அவர்கள் வேண்டாம் என்றதை அவர்கள் கண் முன்னால் அழித்தேன். இரண்டு நல்ல பதிவுகள் அதில் போயின. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

எழுத்துப் பிரச்சினைக்கு வருவோம். கோத்தத்துக்குத் தனி எழுத்து இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து, அதனால் அதிலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள்: ஒத், எய்ட், மூந்த், நாங், அஞ்ச். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டோம். அந்த ‘த்’ மென்மையானது, ‘பந்து’வில் நாம் ஒலிக்கும் தகரம் மாதிரி. தமிழ் எழுத்தில் சொல் கடைசியில் அதைக் காட்ட வழி இல்லை. ஸ்தோத்திரப் புத்தகங்களில் போடுவது போல எழுத்துக்கு மேல் 3 என்று எண் போடலாம் என்று என் யோசனை. எருமைக்காரச் சிறுமி, அப்போது பத்தாம் வகுப்பு, உதட்டைப் பிதுக்கினாள். “கணக்கு நோட்டு மாதிரி இருக்கு டீச்சர்.” அடிக்கோடு போடலாமா என்றேன். “வாட்ஸாப்ல எப்படிப் போடறது?” என்றாள்.

அந்தக் கேள்விக்குத்தான் முழு மதிப்பெண். அவளும் அவள் அக்காவும் ஏற்கெனவே வாட்ஸாப்பில் கோத்தத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள், யாரையும் கேட்காமல். மென்மையான மெய்க்குப் பின்னால் ஒரு மேற்கோள் குறி: ஒத்’. அவ்வளவுதான். ஈறில் ஒற்றும் ஒலிக்கு ற். என் மூன்று மாத ஆராய்ச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் முறையையே எடுத்துக்கொண்டேன். மொழியியல் படித்தவர்கள் இதில் நூறு ஓட்டை காட்டலாம், காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் போன் விசைப்பலகையில் வராத குறியை எந்தப் பிள்ளையும் எழுதப் போவதில்லை.

வீட்டில் கோத்தம், கடையிலும் பஸ்ஸிலும் படகர் மொழி, பள்ளியில் தமிழ், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று பன்னிரண்டு வயதில் நான்கு மொழிக்குள் போய் வரும் பிள்ளைகள் அவர்கள். நம் வகுப்பறையில் அவர்கள் தமிழ் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். பிறகு ஒன்று செய்தேன். மாதத்தில் ஒரு கட்டுரையைத் ‘தாத்தா பாட்டியைக் கேட்டு எழுது’ என்று கொடுத்தேன். வீட்டுச் சொல்லை அப்படியே எழுதலாம், அதற்கு மை கிடையாது. படகர் பிள்ளைகளும் எழுதினார்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகளும் எழுதினார்கள். யாரையும் தனியாக எழுப்பி நிறுத்தாமல் சொல் வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பில் அந்தச் சிறுமியிடம் எருமையைக் கேட்டு வகுப்பைச் சிரிக்கவைத்தேனே, அதற்கு மாற்று இதுவாகத்தான் இருந்தது.

நான்காவது வருஷம் எனக்கு மறுபடி மாறுதல். நோட்டில் எண்ணூற்றுச் சொச்சம் சொற்கள், முப்பது நாற்பது சிறு உரையாடல்கள். ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டேன். ஒன்று அந்த வீட்டுக்கு, ஒன்று ஊர்ப் பெரியவர்களிடம், ஒன்று பள்ளி நூலகத்துக்கு, ஒன்று எனக்கு. கையெழுத்து நோட்டை என்னோடு எடுத்துப்போவதாக இருந்தேன். பெரியவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் வைத்துவிட்டார். “இது இங்கயே இருக்கட்டும். ஜெராக்ஸ நீங்க கொண்டு போங்க” என்றார். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது. நான்கு வருஷ உழைப்பு ஆயிற்றே. பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன், அதில் என் உழைப்பு எது, கையெழுத்தைத் தவிர?

அந்தச் சிறுமி இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். ஸ்பைரல் பிரதி ஒன்றை அவள் விடுதிக்கு எடுத்துப்போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. போன மாதம் இரவு பதினோரு மணிக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது.

“டீச்சர், பதினாலாம் பக்கம். மூணு சொல்லு தப்பு. நீங்க எழுதினது எங்க பாட்டி சொல்றது. நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம்.”

தொடர்ந்து மூன்று சொற்களையும் இரண்டிரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தாள். பாட்டியினுடையதை அடிக்கவில்லை. அவளுடையதைப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டேன்.